மூன்றாம் சனிக்கிழமைத் தளிகை

புரட்டாசி பிறந்துவிட்டால் வைணவத் திருத்தலங்களில் மட்டுமல்லாது, வேங்கடவனைக் குலதெய்வமாகக் கொண்ட இல்லங்களிலும் திருவிழாக்கோலம் தொடங்கிவிடுகிறது. பூஜையறைச் சுவரில் புதிதாகத் திருமண் இடப்படுகிறது, பித்தளைச் சொம்பு புளியிட்டுத் துலக்கப்படுகிறது, துளசிமாலை தொடுக்கப்படுகிறது. சனிக்கிழமை காலையில் "கோவிந்தா, கோவிந்தா" என்னும் குரல் தெருவில் கேட்கிறது. மாதத்தின் ஏதேனும் ஒரு சனிக்கிழமையில், அவரவர் குல வழக்கப்படி, பெருமாளுக்குத் தளிகை போடுகிறார்கள்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தில் இந்தத் தளிகை மூன்றாம் சனிக்கிழமையில் நடைபெறும். வீட்டில் நிரந்தரமாக இருப்பவர்கள் இருவரே: 80 வயதைக் கடந்த பெரியவரும், 76 வயதான அவருடைய துணைவியாரும். மூத்த மகன் சென்னையில், இளைய மகன் பெங்களூரில், மகள் திருச்சியில். தீபாவளிக்கு வர இயலாமற் போனாலும் மூன்றாம் சனிக்கிழமைக்கு மட்டும் மூன்று குடும்பங்களும் வந்து சேர்ந்துவிடும். அந்த வீட்டில் பண்டிகை என்றால் அந்த ஒரு நாள்தான்.

இந்த வழக்கம் தொடங்கிய கதையைப் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சலில் படுத்தானாம். பாட்டியின் மாமியார் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைத்து, "குழந்தை பிழைத்தால் இந்த வீட்டில் அடுப்பு எரியும் வரை மூன்றாம் சனிக்கிழமை ஐந்து அன்னத் தளிகை போடுகிறோம்" என்று வேண்டிக்கொண்டார். குழந்தை பிழைத்தான். மாமியார் இருந்தவரை அவர் கையாலும், அவருக்குப் பின் பாட்டியின் கையாலும் அந்தப் பிரார்த்தனை ஓர் ஆண்டும் தவறாமல் நிறைவேறி வந்தது.

சொம்பும் அரிசியும்

புரட்டாசிக்கும் பெருமாளுக்கும் உள்ள உறவுக்குப் பெரியோர் பல காரணங்கள் கூறுவர். சூரியன் கன்னி ராசியில் சஞ்சரிக்கும் மாதம் இது. கன்னிக்கு அதிபதி புதன். புதனுக்கு அதிதேவதை மகாவிஷ்ணு. திருவேங்கடமுடையான் அவதரித்த நட்சத்திரமாகப் போற்றப்படுவதும் புரட்டாசித் திருவோணமே. திருமலையில் பிரம்மோற்சவம் நிகழ்வதும் இந்தக் காலத்தில்தான். சனிக்கிழமையில் பெருமாளைச் சேவிப்போருக்குச் சனிபகவானால் விளையும் துன்பம் குறையும் என்பது பரவலான நம்பிக்கை.

தளிகைக்கான அரிசியைச் சேர்ப்பதிலும் ஒரு மரபு உண்டு. வீட்டில் அரிசி மூட்டை இருந்தாலும், திருமண் இட்ட சொம்பை ஏந்தி, சில வீடுகளின் வாசலில் நின்று கோவிந்த நாமத்தைச் சொல்லி, அவர்கள் இடும் அரிசியைப் பெற்று வந்து, அதையும் சேர்த்தே நிவேதனம் சமைக்க வேண்டும். செல்வந்தரும் அன்று ஒருநாள் கையேந்தி நிற்பார். தான் என்னும் எண்ணம் கரைய வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. அந்தக் குடும்பத்தின் குழந்தைகளுக்குத் தளிகை நாளின் பேரின்பமே இந்தச் சொம்புதான். நெற்றியில் திருமண்ணுடன், மழை பெய்து ஈரமாகக் கிடக்கும் தெருவில், ஐந்து வீடுகளுக்குச் சென்று திரும்புவார்கள். "யார் சொம்பில் அதிகம்?" என்னும் போட்டியும் நடக்கும், பாட்டி எல்லாவற்றையும் ஒரே முறத்தில் கொட்டிக் கலந்துவிடுவார்.

ஐந்து அன்னங்கள்

அந்த வீட்டுத் தளிகையின் ஐந்து அன்னங்கள் இவை: சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை அன்னம், எள்ளோரை, தயிரன்னம். இவற்றுடன் மிளகு சேர்த்த உளுந்து வடையும், கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலும், மாவிளக்கும் உண்டு. வெங்காயமும் பூண்டும் அன்று வீட்டுக்குள்ளேயே வாரா.

சர்க்கரைப் பொங்கல் மூத்த மகனுக்கு உரியது என்பது வீட்டில் எழுதப்படாத சாசனம். பிழைத்த குழந்தை அல்லவா! 1 ஆழாக்குப் பச்சரிசிக்குக் கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு. பருப்பை மணம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் குழைய வேகவிட வேண்டும். 2 ஆழாக்குப் பொடித்த வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்கவிட்டுச் சேர்ப்பார் பாட்டி. அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம் சேர வேண்டும்; வெல்லம் சேர்ந்துவிட்டால் அதன்பின் அரிசி வேகாது. அரை ஆழாக்கு நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய், இறுதியில் கடுகளவு பச்சைக் கற்பூரம். கற்பூரம் கடுகளவைத் தாண்டினால் பொங்கல் கசந்துவிடும் என்று ஒவ்வோர் ஆண்டும் எச்சரிப்பார்.

புளியோதரை தெரு முழுவதற்கும் உரியது. வெள்ளிக்கிழமை மாலையே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். வெந்நீரில் ஊறிய பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, மிளகாய், கடலைப்பருப்பு, வேர்க்கடலை, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை கொதிக்கவிடுவார். மறுநாள் காலை, உதிரியாக வடித்த சாதத்தை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவிட்டு, புளிக்காய்ச்சலையும், தனியா, வெந்தயம், எள், மிளகாய் வறுத்துப் பொடித்த பொடியையும் தூவிக் கலப்பார். சாதம் சூடாக இருக்கும்போது கலந்தால் குழைந்துவிடும். கலந்து சில நாழிகை சென்றால்தான் புளி ஒவ்வொரு பருக்கையிலும் ஏறும். ஆகவே அன்றைய அடுப்பில் முதலில் ஏறுவது புளியோதரைக்கான சாதமே.

எலுமிச்சை அன்னம் திருச்சி மகளின் விருப்பம். தாளிதத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சாறு பிழிய வேண்டும். கொதித்தால் கசப்புத் தட்டும். எள்ளோரை பெரியவருக்கு. கறுப்பு எள்ளைக் களைந்து, உலர்த்தி, வெறும் வாணலியில் படபடவென வெடிக்கும்வரை வறுத்து, உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயத்துடன் பொடித்து, நல்லெண்ணெயோடு சாதத்தில் பிசறுவது. எள் சனிபகவானுக்குரிய தானியம். ஆதலால் நிவேதனம் முடிந்ததும் இந்த அன்னத்தில் ஒரு கவளம் கூரைமேல் காக்கைக்கு வைக்கப்படும். காக்கை வந்து கொத்திய பிறகே வீட்டார் இலையில் அமர்வார்கள்.

தயிரன்னத்துக்குப் பாட்டி தனி மதிப்பு வைத்திருந்தார். அதற்கு ஒரு காரணம் உண்டு. திருமலையில் எத்தனையோ வகைப் பிரசாதங்கள் தயாராயினும், குலசேகரப்படியைக் கடந்து பெருமாளின் அருகே செல்வது மண் ஓட்டில் வைத்த தயிரன்னமே என்பது மரபு. அதன் பின்னணியில் பீமன் என்னும் குயவரின் வரலாறு சொல்லப்படுகிறது. தொண்டைமான் சக்கரவர்த்தி பொன்மலர்களால் பெருமாளை அர்ச்சித்து வந்தார். மறுநாள் பார்த்தால் பொன்மலர்களின் மேல் மண்மலர்கள் கிடந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று மன்னர் திகைத்தபோது, பெருமாளே அந்தக் குயவரைப் பற்றித் தெரிவித்தாராம். பானை வனையும் வேலையை விட்டுக் கோயிலுக்குச் செல்ல இயலாத அந்த ஏழை, கையில் ஒட்டிய மண்ணையே மலராக்கி, வீட்டிலிருந்த திருவுருவுக்குச் சாத்தி வந்தார். அந்த மண்மலர்கள்தாம் மலைமேல் போய்ச் சேர்ந்தன. அவருடைய பக்தியின் நினைவாகவே மண்பாத்திர நிவேதனம் தொடர்கிறது என்பர்.

அந்த வீட்டுத் தயிரன்னமும் மண்சட்டியில்தான் இருக்கும். சாதத்தைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, உறைத்தயிர் சிறிதளவே சேர்ப்பார் பாட்டி. மாலைவரை புளிக்காமல் இருப்பதற்கு இதுவே வழி. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கடுகு தாளித்துக் கொட்டினால் முடிந்தது. பேரக்குழந்தைகள் அனைவரும் முதலில் கேட்பது இதைத்தான்.

மாவிளக்குக்கு அடுப்பே வேண்டாம். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, நடுவே குழித்து, நெய் வார்த்துத் திரியிடுவார்கள். சுடர் தானே அடங்கும்வரை யாரும் அணைக்க மாட்டார்கள். அடங்கியதும் "விளக்கு மலையேறிற்று" என்பார் பாட்டி. திரியைச் சுற்றி நெய்யில் வெந்து சிவந்த மாவுக்குக் குழந்தைகளிடையே சிறு போரே மூளும்.

அடுப்பங்கரையில் எழுந்த கேள்வி

ஓர் ஆண்டு, புரட்டாசி பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு, கிணற்றடியில் பாசி வழுக்கிப் பாட்டி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு இருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். மூன்றாம் சனிக்கிழமை அந்த ஆறு வாரத்துக்குள்ளேயே வந்தது. பெரியவருக்கோ சர்க்கரை நோய். பட்டினி இருக்கவும் கூடாது, பொங்கல் உண்ணவும் கூடாது.

தொலைபேசியில் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். "அம்மா, இந்த ஆண்டு ஒரு சமையல் ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிடலாம். ஆசாரமாகச் செய்து கொண்டுவந்து தருவார்கள். உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்" என்றார் மூத்த மகன். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. தாயின் கை வலியை எண்ணியே சொன்னார். இளைய மகனோ, "ஐந்து அன்னம் எதற்கு? ஒரு சர்க்கரைப் பொங்கல் போதாதா?" என்றார். அதுவும் அன்பினால் வந்த சொல்லே. பாட்டி எதற்கும் மறுமொழி கூறவில்லை. பொதுவாக எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் அவர் அன்று "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இரவு உணவு முடிந்த பிறகு அவர் பெரியவரிடம் மனத்திலிருந்ததைச் சொன்னார். "விலைக்கு வாங்கினால் பெருமாள் ஏற்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்தை வேண்டிக்கொண்டது இந்த அடுப்பை வைத்து அல்லவா? என் கையோடு இது நின்றுவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது."

பெரியவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு ஆண்டாளின் வேண்டுதலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்தியைச் செலுத்தியவர், அவளுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் தோன்றிய இராமானுஜர். அழகர்கோயிலில் அதை நிறைவேற்றிவிட்டு அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றபோது, ஆண்டாள் "அண்ணா" என்று அழைத்து எதிர்கொண்டதாகக் குருபரம்பரை கூறுகிறது. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியில் அக்காரவடிசில் சமர்ப்பிக்கும் வழக்கத்தோடு இந்த வரலாறும் நினைவுகூரப்படுகிறது.

"நேர்ந்துகொண்டவள் ஒருத்தி, செலுத்தியவர் இன்னொருவர். பெருமாள் அதைக் குறையாகக் கொள்ளவில்லையே. அம்மா வேண்டியதை நீ இத்தனை ஆண்டு செய்தாய். இனி யாராவது செய்யட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்" என்றார் பெரியவர்.

நாற்காலியிலிருந்து நடந்த சமையல்

வெள்ளிக்கிழமை மாலையே எல்லோரும் வந்துவிட்டார்கள். அடுப்பங்கரையின் நடுவே பாட்டிக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. மூத்த மருமகள் பொங்கலுக்கும் எலுமிச்சை அன்னத்துக்கும், மகள் வடைக்கும் சுண்டலுக்கும், இளைய மருமகள் எள்ளோரைக்கும் தயிரன்னத்துக்கும் என்று வேலை பிரிந்தது. மகன்கள் இருவரும் தேங்காய் துருவி, அரிசி மாவு சலித்தார்கள். புளியோதரையை யார் செய்வது என்று பார்த்தபோது, கல்லூரியில் படிக்கும் மூத்த பேத்தி, "பாட்டி, நான் செய்கிறேன்" என்று முன்வந்தாள்.

அளவுகளைக் குறைக்க எல்லோரும் இசைந்தார்கள். பொங்கல் ஓர் ஆழாக்கு அரிசியில் போதும். வடை இலைக்கு இரண்டு போதும். புளியோதரை மட்டும் வழக்கம்போல 1 படி அரிசிக்கு. தெருவில் உள்ள முதியவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள் என்பது பாட்டியின் வாதம். அதை யாரும் மறுக்கவில்லை.

பேத்தி கையில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டாள். புளி எவ்வளவு? "பெரிய எலுமிச்சம்பழம் போல எட்டு உருண்டை." எண்ணெய் எவ்வளவு? "புளி குடிக்கும் அளவு." எப்போது இறக்குவது? "ஓசை மாறும்போது." அவள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஓசை எப்படி மாறும் என்று அடுப்பருகே நின்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். நீர் இருக்கும்வரை களகளவென்று கொதித்த புளி, எண்ணெய் பிரியும்போது அடங்கிச் சளசளக்கத் தொடங்கியது. அதை அவள் குறித்துக்கொண்டாள். உப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு, "ஒரு பிடி கல்லுப்பு" என்றார் பாட்டி. அப்படியே போட்டாள்.

நிவேதனச் சமையலில் பெரிய சோதனை ஒன்று உண்டு. பெருமாள் அமுது செய்யும் முன் யாரும் சுவை பார்க்கக் கூடாது. நுனிநாக்கில் வைத்து உப்பைச் சரிபார்ப்பது அன்றாடச் சமையலின் வழக்கம். தளிகையில் அதற்கு இடமில்லை. ஆகவே கண்ணும் காதும் கையுமே அளவுகோல்கள். அரை நூற்றாண்டு பழகிய கைக்கு அது எளிது. புதிய கைக்கு அது நம்பிக்கையை மட்டுமே துணையாகக் கொண்ட செயல்.

சனிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு முன் எல்லாம் தயாராயின. தலைவாழையிலை விரித்து, ஐந்து அன்னங்களையும் சேர்த்துப் பெருமாளின் திருமுகம் போல அமைத்தார்கள். வடையும் சுண்டலும் சுற்றி வைத்து, இருபுறமும் மாவிளக்குகள் ஏற்றப்பட்டன. ஒவ்வொன்றின்மேலும் துளசி. மணியோசையுடன் கற்பூரம் காட்டப்பட்டபோது தெருவினரும் சேர்ந்து கோவிந்த நாமம் முழங்கினார்கள். மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்தபடி பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

உப்புக் குறைந்த புளியோதரை

காக்கைக்கு வைத்து, வந்தவர்களுக்கு அளித்து, வீட்டார் இலையில் அமர்ந்தார்கள். பெரியவருக்குச் சர்க்கரைப் பொங்கல் பிரசாதமாக ஒரு தேக்கரண்டி மட்டும். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டார். காலையில் மருத்துவர் சொன்னபடி இட்லி உண்டு மாத்திரை போட்டுக்கொண்ட பிறகே அவர் பூஜையில் அமர்ந்திருந்தார். உடல்நிலைக்கு மாறாக உபவாசம் இருக்க வேண்டும் என்று எந்தப் பெருமாளும் கேட்பதில்லை என்பது அவர் கட்சி.

புளியோதரையை வாயில் இட்ட இளைய மகன் சட்டென்று, "உப்புக் குறைகிறதே" என்றார். மனைவி முழங்கையால் இடித்த பிறகே தம் தவற்றை உணர்ந்தார். பேத்தியின் முகம் வாடிற்று. தெரு முழுதும் கொடுத்தாகிவிட்டது. இனித் திருத்தவும் வழியில்லை. "பாட்டி ஐம்பது ஆண்டாகச் செய்ததை நான் கெடுத்துவிட்டேன்" என்று கண் கலங்கினாள்.

பெரியவர் இலையிலிருந்து நிமிர்ந்தார். "நம் ஊருக்கு அருகிலேயே ஒரு பெருமாள் உப்பே இல்லாமல் உண்ணுகிறாரே, மறந்துவிட்டாயா?" என்றார்.

கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகரில் கோயில்கொண்டுள்ள ஒப்பிலியப்பனைத்தான் அவர் குறிப்பிட்டார். மார்க்கண்டேய மகரிஷியின் மகளாகத் துளசி வனத்தில் வளர்ந்த பூமிதேவியை மணம் பேச, முதியவர் வேடத்தில் பெருமாள் வந்தார். "இவள் சிறுபெண், உப்பிட்டுச் சமைக்கவும் அறியாதவள்" என்று தந்தை தயங்கினார். உப்பில்லாமல் அவள் சமைத்தாலும் அதையே விரும்பி ஏற்பேன் என்று வந்தவர் வாக்களித்தார். இன்றளவும் அந்தக் கோயிலின் மடைப்பள்ளியில் நிவேதனத்துக்கு உப்புச் சேர்ப்பதில்லை. திருவோண நாளில் உப்பை விலக்கி விரதம் இருக்கும் அடியார்களும் பலர்.

"ஒரு பெண்ணுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்பதற்காகத் தன் நாக்கை மாற்றிக்கொண்ட பெருமாள் அவர். உன் புளியோதரையில் உப்பு குறைவுதானே? அவருக்கு அதுவே அதிகம்" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். பேத்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர், இரத்தக்கொதிப்புக்காக உப்பைக் குறைத்து உண்பவர், மாலையில் வந்து, "இந்த ஆண்டுப் புளியோதரைதான் எனக்கு ஒத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்று கேட்டு வாங்கிச் சென்றார்.

பாட்டி மட்டும் ஏதோ யோசனையில் இருந்தார். பாத்திரங்கள் கழுவி முடிந்த பிறகு பேத்தியை அழைத்து, "உப்பை எப்படிப் போட்டாய்?" என்று கேட்டார்.

"நீங்கள் சொன்னபடிதான் பாட்டி. ஒரு பிடி."

பாட்டி அவளுடைய கையை எடுத்துத் தம் இடது உள்ளங்கைமேல் வைத்துப் பார்த்தார். பேத்தியின் விரல்கள் பாட்டியின் விரல்களைவிடச் சிறியவை; உள்ளங்கையும் குறுகியது. உப்புச் சாடியைக் கொண்டுவரச் சொல்லி, தம் இடக்கையால் ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டார். அவளையும் அள்ளச் சொன்னார். தேக்கரண்டியால் அளந்தபோது பாட்டியின் பிடி ஒன்பது கரண்டியாக இருந்தது. பேத்தியின் பிடி ஆறு.

"உன்மேல் தவறில்லை. நான் சொன்ன பிடி என் பிடி" என்றார் பாட்டி. சற்றுப் பொறுத்து, யாருக்கும் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொன்னார். மாமியார் நோயுற்றுப் படுத்த ஆண்டில் முதன்முதலாக அவர் தனியே புளியோதரை கலந்தபோதும் உப்புக் குறைந்துவிட்டதாம். மாமியாரின் கை அவர் கையைவிடப் பெரியது. "அத்தை அதை உண்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறு ஆண்டு ஒரு பிடியும் நாலு கல்லும் போட்டேன்" என்றார்.

பேத்தி குறிப்பேட்டைத் திறந்து, "ஒரு பிடி" என்று எழுதியிருந்ததன் அருகே, "பாட்டியின் பிடி: 9 தேக்கரண்டி, 1 படி அரிசிக்கு" என்று எழுதினாள். அன்று இரவே மற்ற நான்கு அன்னங்களுக்கும் பாட்டியின் பிடியும் கையளவும் ஒவ்வொன்றாக அளந்து எழுதப்பட்டன. மூத்த மகன் அந்தப் பக்கங்களைப் படி எடுத்துத் தம்பிக்கும் தங்கைக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். அடுத்த ஆண்டு ஒப்பந்தக்காரரைப் பற்றிய பேச்சை அவர் எடுக்கவில்லை.

இந்தப் புரட்டாசியில் தளிகை போடும் இல்லங்கள் பல. மூட்டுவலியாலும் தளர்ச்சியாலும் அடுப்பருகே நிற்க இயலாத பெரியவர்கள் அவற்றில் பலர் இருப்பார்கள். ஐந்து அன்னம் இயலாவிடில் ஒரு பிடி தயிரன்னமும், ஒரு மாவிளக்கும், ஒரு துளசி இலையும் போதும். சர்க்கரை நோயும் இரத்தக்கொதிப்பும் உடையோர் மருத்துவரைக் கேட்டே உபவாசம் இருத்தல் நலம். பிரசாதத்தைத் துளி அளவில் ஏற்றாலும் அது பிரசாதமே. வீட்டிற்கென்று உள்ள கைப்பக்குவத்தைப் பிள்ளைகளையும் மருமகள்களையும் பேரக்குழந்தைகளையும் அருகில் நிறுத்தி, அவர்கள் கையாலேயே செய்யவைத்து, அளவை எழுதியும் வைக்கலாம். முதல் ஆண்டு உப்புக் குறைந்தால் பெருமாள் பொறுத்துக்கொள்வார். இலையில் அமர்ந்திருப்போரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு பாட்டியின் கை ஓரளவு தேறிவிட்டது. ஆயினும் அடுத்த மூன்றாம் சனிக்கிழமையில் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. புளியோதரையைப் பேத்திதான் கலந்தாள். அந்த ஆண்டு உப்புச் சரியாக இருந்தது. எதிர்வீட்டு மூதாட்டிக்காக, உப்புக் குறைத்த புளியோதரை ஒரு சிறு கிண்ணத்தில் தனியே கலந்து வைக்கப்பட்டிருந்தது.